காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட கடிகாரங்கள்

மின்விசிறியைப் போட்டது யார் என்று தெரியும்வரை யாரும் சாப்பிட உட்காரக் கூடாது என்று தையல்காரி சொல்லிவிட்டாள்.

"நான் இல்லம்மா," என்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினான் அவள் கணவன். டவுன் பஸ் ஓட்டுகிறவன். பகலெல்லாம் இஞ்சின் சூட்டில் வெந்து வந்திருந்தான். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

"நானும் இல்ல. அப்படியே போட்டிருந்தாலும் அது ஒண்ணும் கொலைக்குத்தம் இல்ல. மனுஷங்க இருக்கிற வீட்டுக்குக் காத்து வேணும்," என்றாள் நாத்தனார். கணவனுக்கு அக்கா. அடுத்த தெரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வாய்க்குப் பூட்டுப் போடும் ஆள் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும்.

தையல்காரி தையல் மெஷினுக்கு அடியில் தலையை விட்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து, டார்ச் விளக்கைப் படுக்கவாட்டில் பிடித்து ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கடுகை நான்காக நறுக்கினால் வரும் துண்டின் அளவு இருக்கும் அது. பழைய பாக்கெட் கடிகாரம் ஒன்றின் வயிற்றுக்குள்ளிருந்து அதைக் கழற்றி, மேசையில் விரித்த வெள்ளைத் துணியில் வைத்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தபோதுதான் தலைக்கு மேலே இறக்கைகள் சுற்றின. துணியின் ஓரம் படபடத்தது. திருகாணி போன இடம் தெரியவில்லை.

"அம்மாடி, கிடைக்கலன்னா ஒரு குண்டூசியை வெட்டி வச்சிரு," என்றாள் நாத்தனார்.

"அண்ணி, தயவுசெஞ்சு நகராதீங்க. உங்க கால்ல ஒட்டியிருந்தாலும் ஒட்டியிருக்கும்."

"என் காலையும் கழட்டிப் பார்த்துட்டுத்தான் விடுவ போலிருக்கே."

கணவன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் நழுவினான். அன்றைக்கு எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள், காற்றில்லாமல்.

திருகாணி கிடைத்தது, கேவலமான ஓர் இடத்தில். உயரம் குறைக்கக் கொடுத்த பேண்டை வாங்கிக்கொண்டு போன தலைமையாசிரியர் மறுநாளே திரும்பி வந்தார். "நடக்கும்போது கணுக்கால்ல என்னமோ உரசுதும்மா." தையல்காரி அவர் கண் முன்னாலேயே மடிப்பைப் பிரித்தாள். உள்ளேயிருந்து திருகாணி உள்ளங்கையில் விழுந்தது. அதை எடுத்து ஒரு முத்தம் கொடுத்தாள். தலைமையாசிரியர் பேண்டை மறுபடி தைத்து வாங்கிக்கொண்டு வேகமாகக் கிளம்பிப் போனார்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று தெருவே கேட்டது. நியாயமான கேள்விதான்.

அவள் வேலை பிரிப்பதும் பிடிப்பதும். இடுப்பு இறுக்கம் என்றால் பிரித்துவிட வேண்டும், தொளதொளவென்றால் பிடித்துவிட வேண்டும். ஜிப் மாற்ற வேண்டும், காலரைத் திருப்பிப் போட வேண்டும். எல்லாம் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. சாப்பாட்டு மேசையில் ஊரார் பேண்டுகள் அடுக்கியிருக்கும். கதவு திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து, "ரெண்டே ரெண்டு தையல்தான்" என்று ஒரு துணியை அவள் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் கணவன் பஸ்ஸுக்குப் போவான், நாத்தனார் ஆஸ்பத்திரிக்குப் போவாள். இரண்டு பேருக்கும் வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்று சொல்வது அவள். "போயிட்டு வரேன்" என்று சொல்லும் வாய்ப்பு கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது மட்டும்தான் வாய்த்திருந்தது.

கடைத்தெரு முனையில் ஒரு வாட்ச் கடை உண்டு. அதை நடத்துகிறவனைத் தெருவில் 'பேட்டரி' என்று கூப்பிடுவார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரே ரிப்பேர் அதுதான். ஸ்டிராப் மாற்றுவான், பேட்டரி மாற்றுவான், மற்றபடி நன்றாகப் பேசுவான். முன்பு அவனிடம் ஒரு ரிப்பேர்காரர் இருந்தார். வேறு ஊரில் பெரிய கடையில் நல்ல இடம் கிடைத்துப் போய்விட்டார். போன நேரம் பார்த்து, சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்களின் மேல் ஊருக்கு ஆசை பிறந்துவிட்டது. கல்லூரிப் பையன்கள்கூடச் சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ஆள் இல்லப்பா" என்று சொல்லிச் சொல்லிப் பேட்டரிக்குத் தொண்டை வறண்டது.

ஜிப் மாற்றிய பேண்டைக் கொடுக்கப் போனவள் அந்த மேசையைப் பார்த்தாள். ஜன்னலோரம். நெஞ்சுயரத்துக்கு உயர்ந்த மேசை, முழங்கையை ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் தோல் தைத்திருந்தது. முதுகு சாய நாற்காலி. காலை வெளிச்சம் முழுக்க அதன் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. யாரும் உட்காராமல்.

"அதுல நான் உட்காரட்டுமா தம்பி?"

"தாராளமா உட்காருங்கக்கா, கால் வலிக்குதா?"

"கால் வலியில்ல. வேலைக்கு."

பேட்டரி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்தான். உள்ளே எல்லாம் ஓடாத பாக்கெட் கடிகாரங்கள். யாரோ வீடு காலி செய்தபோது மொத்தமாக அள்ளி வந்தவை. "இதை வச்சுப் பழகுங்க. ஒண்ணே ஒண்ணை ஓட வச்சுக் கொண்டு வாங்க. சும்மா டிக் டிக்னு ஓடுனா பத்தாது, நேரம் சரியா காட்டணும். கடையில வச்சுப் பார்ப்பேன். சரியா இருந்தா மேசை உங்களுது. ஆனா மாசக் கடைசிக்குள்ள. என் மச்சினன் செல்போன் கவர் விக்கறதுக்கு அந்த மூலையைக் கேட்டு உயிரை எடுக்கறான். அதுக்கு மேல என்னால வீட்டுல பதில் சொல்ல முடியாது."

அப்படித்தான் அந்தப் பெட்டி கூடத்துக்கு வந்தது, வீட்டில் காற்றும் போயிற்று.

கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. செல்போனில் ஒரு வீடியோ ஆள் கிடைத்தான். அவன் எந்த நாட்டுக்காரனோ, பேசுவதில் ஒரு எழுத்துகூட அவளுக்குப் புரியாது. முகத்தையும் காட்டமாட்டான். இரண்டு கைகள், ஒரு மோதிரம், அவ்வப்போது ஓர் இருமல், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைகள்! வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி வரிசையாக வைக்கும். தையல்காரி அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். அவன் பேச ஆரம்பித்தால் மட்டும் தள்ளிவிடுவாள். புரியாத பேச்சைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

முதல் கடிகாரத்தை அவளே கொன்றாள். உள்ளே இறுக்கிச் சுற்றியிருந்த மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முதலில் இறக்க வேண்டும் என்று தெரியாமல், ஓட்டத்துக்குத் தடை போடும் சின்ன முள்ளைக் கழற்றிவிட்டாள். அவ்வளவுதான். கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி சக்கரங்கள் 'சர்ர்ர்' என்று சுற்றின, 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு மௌனம். இரண்டு சக்கரங்களில் பல் இல்லை. அப்புறம் வீடியோவைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். அவன் பேசிக்கொண்டே அதைச் செய்திருந்தான். பேச்சுதானே என்று அவள் தாண்டிப் போயிருந்தாள்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன, கட்டையில போறவனே," என்று போனைத் திட்டினாள்.

"அவன் சொல்லித்தான் இருக்கான்," என்றான் கணவன். "நீதான் கேக்கல."

"நீங்க பஸ்ஸைப் பாருங்க."

தலைமையாசிரியரின் பேண்ட் விவகாரத்துக்குப் பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. தோன்றியபோது தன் புத்தியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. தையல் மேசையில் ஒரு காந்தத் தட்டு வைத்திருந்தாள். குண்டூசிகளை அதன் மேல் எறிந்தால் போதும், 'கிளிக்' என்று ஒட்டிக்கொள்ளும். தட்டிவிட்டாலும் சிதறாது. குண்டூசிக்கு ஆவது திருகாணிக்கு ஆகாதா? தட்டைக் கழுவித் துடைத்தாள். அன்றிலிருந்து கடிகாரத்தின் இரும்புச் சாமான் எல்லாம் அந்தத் தட்டில்தான். திருகாணியைப் பிடித்தெடுக்கும் ட்வீசரையும் அதிலேயே சாய்த்து வைப்பாள். ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. மின்விசிறியை இரண்டாம் வேகம் வரைக்கும் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தாள். கணவன் அதன் கீழே நின்று கைகளை விரித்து, கண்ணை மூடிக்கொண்டான். நாத்தனார்கூட, "உருப்படியா ஒரு காரியம் பண்ணின" என்றாள்.

அதற்கடுத்த கடிகாரம் ஓடியது.

ஓடியது என்றால், அவள் நம்பவில்லை. கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு, கடைசியாக ஊசலாடும் அந்தச் சக்கரத்தை அதன் மயிரிழைச் சுருளோடு இறக்கி வைத்ததும், அது ஒரு தரம் தயங்கி, பிறகு துடிக்க ஆரம்பித்தது. கூடத்தில் மெஷின் நின்றிருந்தது. தெருச் சத்தம் கேட்கவில்லை. டிக்டிக்டிக்டிக். அவள் கண் கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அது சுவர்க் கடிகாரத்தை முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

கொஞ்சநஞ்சமல்ல. ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடிப்பதற்குள் கால் மணி நேரம் முந்திவிட்டது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே ஒரு சின்ன முள் உண்டு. அதைக் 'குறை' என்ற பக்கம் ஓரம்வரை தள்ளினாள். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போலத்தான் அப்போதும் ஓடியது. சரி, இது வீணாய்ப் போன கடிகாரம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதுவும் ஓடியது. அதுவும் முந்தியது. அதற்கடுத்தது எல்லாவற்றையும் தோற்கடித்தது.

"எங்கடி போறீங்க எல்லாரும்?" என்று மேசையைப் பார்த்துக் கத்தினாள். "யார் உங்களைத் துரத்தறது?"

இருப்பதிலேயே கொஞ்சம் அடக்கமான கடிகாரம் ஒன்று இருந்தது. சோதித்த அன்று காலை முழுவதும் அது மரியாதையாகவே நடந்துகொண்டது. அந்த நேரம் பார்த்துக் கணவனின் கைக்கடிகாரம் நின்றுபோனது. பேட்டரி கடை திறந்திருக்கவில்லை. "இதை எடுத்துட்டுப் போங்க," என்றாள் அவள், கொஞ்சம் வெட்கத்தோடு. அவனும் மனைவி ஓடவைத்த கடிகாரம் என்ற பெருமையில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன ஆச்சு?"

"என்ன ஆகலன்னு கேளு. வழியெல்லாம் ஸ்டாப்புல ஆளே இல்ல. இன்னைக்கு என்ன, ஊரே லீவான்னு நானும் சந்தோஷமா ஓட்டறேன். கண்ணாடியில பார்த்தா பின்னாடி ஒரு கூட்டமே பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வருது. ஒரு பாட்டு டீச்சர் செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சிக்கிட்டு ஓடி வராங்க. எனக்கு முன்னாடி போற பஸ்ஸையே நான் தாண்டிட்டேன்! டிப்போவுல மேனேஜர் கேக்கறார், 'உங்க வீட்டுல ஏதாவது அவசரமா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமா சார், எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அவசரம்தான்னேன்."

அவன் கடிகாரத்தை மேசையில் வைத்தான். கோபமாகக்கூட வைக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

நாத்தனார் அதைக் கையில் எடுத்தாள். கீழ்ப்பக்கம் நொடி காட்டும் குட்டி வட்டம் இருந்தது. பழக்கதோஷம், தன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ண ஆரம்பித்தாள். எண்ணி முடித்தவள் முகம் வெளுத்தது. மறுபடி எண்ணினாள். தம்பியின் கையைப் பிடித்து இழுத்து எண்ணினாள்.

"டேய், உட்காருடா. ரெண்டு பேருக்கும் நாடி ரொம்பக் கம்மியா அடிக்குது. எனக்கு மயக்கம் வர மாதிரி இருக்கு."

"அக்கா, அது இவ கடிகாரம்."

நாத்தனார் கடிகாரத்தை, செத்த எலியைப் பிடிப்பது போல வாலைப் பிடித்து, அதாவது சங்கிலியைப் பிடித்து, தையல்காரியின் முன்னால் இறக்கினாள். "தாயே, நான் ஒண்ணு கேக்கறேன். இந்த வீட்டுல யாராவது நிம்மதியா சாகவாவது விடுவியா?"

மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தைக்க வேண்டிய துணிகள் நாற்காலியிலிருந்து வழிந்தன. தையல்காரிக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அழுகையாவது அழுதால் தீரும். காலையில் எழுந்ததும் எரிந்தது, சோறு வடிக்கும்போது எரிந்தது. தவறு எங்கே என்று தெரிந்தால் பிரித்துவிடலாம். தையலில் அப்படித்தான். இங்கே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, எல்லாம் சுத்தமாக இருந்தது, எல்லாம் தப்பாக இருந்தது.

சனிக்கிழமைதான் மாசத்தின் கடைசி. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு திருகாணியை அதன் குழியில் இறக்கிக்கொண்டிருந்தாள். ட்வீசர் அதை விடமாட்டேன் என்றது. இது புதிதல்ல. கொஞ்ச நாளாகவே அப்படித்தான், உதறினால்தான் விடும். அவள் உதறினாள். விடவில்லை. இன்னும் வேகமாக உதறினாள். "விட்டுத் தொலையேன் சனியனே!" என்று ட்வீசரை மேசையில் அடித்தாள். பக்கத்தில் கிடந்த ஒரு தையலூசி, யாரோ கூப்பிட்டது போல, தானாகத் திரும்பி, ஊர்ந்து வந்து ட்வீசரோடு ஒட்டிக்கொண்டது.

அவள் ஊசியைப் பார்த்தாள். ட்வீசரைப் பார்த்தாள். காந்தத் தட்டைப் பார்த்தாள்.

ஊசியைப் பிரித்து எடுத்து, ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தின் ஓரமாகக் கொண்டுபோனாள். ஊசி அதன் பக்கம் சாய்ந்தது. கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தாள். ஊசலாடும் சக்கரத்தின் மேல், கொசுவர்த்தி போல வளையத்துக்கு வளையம் விலகி நிற்க வேண்டிய மயிரிழைச் சுருள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சுருங்கி, பாதிச் சுருளாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. சுருள் குட்டையானால் சக்கரம் வேகமாகத்தானே ஆடும்? நாடாவைப் பாதியாக மடித்துத் தைத்துவிட்டு, நீளம் பத்தவில்லையே என்று இத்தனை நாளாக அவள் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

போனை எடுத்து அந்த வீடியோ ஆளின் முதல் வீடியோவைப் போட்டாள். தாண்டாமல் பார்த்தாள். ஆரம்பத்திலேயே, விளம்பரம் என்று நினைத்து அவள் தள்ளிவிட்ட இடத்தில், மோதிரக் கை ஒரு காந்தத்தைத் தூக்கிக் காட்டியது. இன்னொரு கையின் ஆட்காட்டி விரல் இப்படியும் அப்படியும் ஆடியது. கூடாது, கூடாது, கூடாது. நெடுநேரம் ஆடியது. நடுவில் ஒரு முறை இருமக்கூட இருமினான்.

கணவன் வந்தபோது அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் பயந்துபோய் வாசலிலேயே நின்றான்.

"உங்க பஸ்ஸை விரட்டினது கடிகாரம் இல்லீங்க. என் குண்டூசித் தட்டு!"

"அக்கா," என்று அவன் உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டான், "கொஞ்சம் வந்து இவளுக்கு நாடி பாரு."

சனிக்கிழமை காலையில் கடை திறக்கும்போதே அவள் பெட்டியோடு நின்றாள். காந்தம் ஏறினால் இறக்குவதற்கு ஏதாவது உண்டா என்று கேட்டாள். "இருக்கே," என்றான் பேட்டரி, ஏதோ தண்ணீர் கேட்டது போல. ஒரு நீல டப்பாவை எடுத்து வைத்தான். பொத்தானை அமுக்கிக்கொண்டு, சாமானை அதன் மேல் காட்டி மெல்ல விலக்க வேண்டும், அவ்வளவுதான். ட்வீசர், திருகாணிகள், சக்கரங்கள், சுருள் என்று ஒவ்வொன்றாகக் காட்டி இறக்கினாள். சுருளின் வளையங்கள், சண்டை தீர்ந்த சொந்தக்காரர்கள் போல, கௌரவமாக விலகி நின்றன. வீட்டுக்கு ஓடினாள். இருப்பதில் நல்லதாக ஒன்றை மறுபடி கோத்துப் பூட்டினாள். சாயங்காலம் வரைக்கும் அது சுவர்க் கடிகாரத்தோடு ஒட்டியே நடந்தது. கடை மூடும் நேரத்துக்குக் கொண்டுபோய்ப் பேட்டரியின் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு லீவு. திங்கக்கிழமை காலையில வாங்கக்கா, பார்த்துடலாம்," என்று அவன் அதைக் கண்ணாடி அலமாரிக்குள் மாட்டி ஷட்டரை இழுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சந்தோஷமாகத் துணி தைத்தாள். மத்தியானம், வழக்கம் போல, ஆணியில் தொங்கும் மற்ற கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கப் போனாள். தினமும் கொடுப்பாள். ஒரு தரம் கொடுத்தால் ஒரு நாளும் இன்னும் கொஞ்சமும் ஓடும், அதற்கு மேல் தாங்காது. முதல் கடிகாரத்தின் திருகைப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"ஐயையோ."

"இப்ப எது காணோம்?" என்று நாத்தனார் இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டாள்.

"அதுக்கு யாரு சாவி கொடுப்பா? கடை பூட்டியிருக்கே!"

பேட்டரியின் போன் எடுக்கப்படவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். கடைத்தெரு காலியாகக் கிடந்தது. ஷட்டரில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே பல கடிகாரங்களின் சத்தம் ஒன்றாகக் கலந்து வந்தது. எது தன்னுடையது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க நாத்தனாரும் வந்து சேர்ந்தாள்.

"என்ன, ஷட்டருக்கு நாடி பார்க்கறியா? நான் பார்க்கட்டுமா?"

"அண்ணி, நாளைக்கு விடியறதுக்குள்ள நின்னுடும். நின்னா ஃபெயிலுன்னு சொல்லிடுவான். பேட்டரி மாத்தறவனுக்குச் சாவி கொடுக்கணும்னு எங்க ஞாபகம் இருக்கப்போகுது?"

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். பிறகு ஷட்டரை ஓங்கி ஓர் உதை உதைத்தாள். பயன் ஒன்றும் இல்லை. ஆனால் தையல்காரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் போனபோது கடை திறந்திருந்தது. மச்சினன் வந்திருந்தான். வாசலில் ஆட்டோவிலிருந்து செல்போன் கவர் பெட்டிகளை இறக்கி, ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலோர மேசையின் மேலேயே வைத்திருந்தான். பேட்டரி பல்லெல்லாம் தெரிய, "அக்கா, வாங்க, வாங்க! பாஸாயிடுச்சு!" என்று பாக்கெட் கடிகாரத்தை நீட்டினான்.

அது ஓடிக்கொண்டிருந்தது. அவள் தன் போனைப் பார்த்தாள். நொடிகூடப் பிசகவில்லை.

சாவி தீர்ந்து இந்நேரம் அது நின்றிருக்க வேண்டுமே. அவள் திருகைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றப் பார்த்தாள். அசையவில்லை. சாவி முழுக்க இறுகியிருந்தது.

"தம்பி, இதுக்கு எப்ப சாவி கொடுத்தீங்க?"

பேட்டரி மச்சினனைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், குரலை இறக்கினான். "வந்து பார்த்தா நின்னுபோயிருந்ததுக்கா. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியாதா? இவன் வேற பொட்டியோட வந்து நிக்கறான். அதான் சாவி கொடுத்து, போனைப் பார்த்து நேரம் வச்சேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே!" அவள் குரல் தெருவுக்கே கேட்டது. "அது நின்னதுல தப்பில்ல தம்பி. சாவி தீர்ந்தா நிக்கத்தான் செய்யும். ஆனா நிக்கறதுக்கு முன்னாடி சரியா ஓடுச்சா, குதிரை மாதிரி ஓடுச்சான்னு இப்ப யார்கிட்ட போய்க் கேக்கறது? நின்ன நேரத்தைப் பார்த்தீங்களா?"

"பார்க்கலக்கா."

"கடவுளே!"

"அக்கா, விடுங்க. உட்காருங்க. முதலாளி நான், நானே பாஸாயிடுச்சுன்னு சொல்றேன்."

"நாளைக்கு ஒருத்தர் சங்கிலி போட்ட கடிகாரத்தைக் கொண்டு வந்து, 'நீ ஓட்டிக் கொடுத்ததை நம்பிப் பஸ்ஸை விட்டுட்டேன்'னு என் முன்னாடி நின்னா, அப்பவும் நீங்க வந்து பாஸாயிடுச்சுன்னு சொல்லுவீங்களா? நான் உட்காரமாட்டேன். நாளைக்கு இதே நேரம் வரைக்கும் ஓடட்டும். யாரும் தொடக் கூடாது."

மச்சினனுக்கு முகம் மலர்ந்தது. "அதான் அவங்களே வேணாங்கறாங்களே மாமா. மாசம் சனிக்கிழமையே முடிஞ்சிடுச்சு. மிச்சப் பொட்டியையும் இறக்கவா?"

பேட்டரி தலையைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் ஒரு நாள் அவகாசம் என்று முடிவாயிற்று. நாளைக்குக் காலையில் சரியாக இருந்தால் அவள், இல்லையென்றால் கவர்.

அன்று முழுக்க அவள் வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் கண்ணாடிக்குள், அவள் கண்ணாடிக்கு வெளியே. கல்லாவைத் தாண்டி அந்தப் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஒரு பெண் உள்ளே வந்து, பேட்டரியைத் தாண்டி, நேராக இவளிடம் ஒரு நின்றுபோன பாக்கெட் கடிகாரத்தை நீட்டினாள்.

"நான் கஸ்டமர்மா," என்றாள் தையல்காரி. "கடைக்காரரைக் கேளுங்க." சொல்லிவிட்டு அதை வாங்கிக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே சுருளிலிருந்து மெல்லிய கீச்சொலி வந்தது. திருப்பிக் கொடுத்தாள். கொடுப்பதற்குக் கை வரவில்லை.

மறுநாள் காலையில் மச்சினன் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டிருந்தான். ஷட்டர் ஏறியதும் அவன்தான் முதலில் அலமாரிக்குள் எட்டிப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"ரெண்டு நிமிஷம் கம்மி!" என்று கத்தினான். "மாமா, ரெண்டு நிமிஷம் பின்னாடி! ஃபெயில்!"

பேட்டரியின் முகம் விழுந்தது. "அக்கா..."

"என்ன சொன்னீங்க?" என்றாள் தையல்காரி. "பின்னாடியா? முந்தலையா?"

"பின்னாடிதான்க்கா. நானே பார்த்தேன்."

இத்தனை வாரத்தில் ஒரு கடிகாரம்கூட அவள் கையில் பின்தங்கியதில்லை. அவள் அதை வாங்கிப் பார்த்தாள். ஒரு நாள் முழுக்க நடந்து இரண்டே நிமிஷம். காரணமும் உடனே தெரிந்துவிட்டது. அது பேய் ஓட்டம் ஓடிய நாளில், 'குறை' என்ற பக்கம் ஓரம்வரை அவள் தள்ளிய முள். காந்தத்தை இறக்கியவள் முள்ளைத் திருப்பி நகர்த்தியபோது நடுவுக்குக் கொண்டுவராமல் விட்டிருக்கிறாள். "மடச்சி, மடச்சி," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "அந்த முள்ளை முழுசா எவ திருப்பி வைப்பா? உன் பாட்டனா வந்து வைப்பான்?"

"அக்கா, யாரைச் சொல்றீங்க?" என்றான் பேட்டரி.

அவள் பின்மூடியைத் திறந்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். முக்காலிப் பக்கம் நிழலாக இருந்தது. கல்லாப் பக்கம் போனாள், அங்கேயும் போதவில்லை. கல்லாவின் தடுப்புப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்து, ஜன்னலோரத்துக்குப் போனாள்.

"இந்தப் பொட்டியை எடுங்க தம்பி," என்றாள் மச்சினனிடம், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "வெளிச்சத்தை மறைக்குது."

அவன் மாமாவைப் பார்த்தான். பேட்டரி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி நகர்ந்தது. தையல்காரி லென்ஸைக் கண்ணில் வைத்து, முழங்கைகளை இரண்டு பக்கத் தோலிலும் ஊன்றி, நாற்காலியைக் காலாலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து முள்ளின் நுனியைத் தேடினாள்.

"அந்த ஃபேனை நிறுத்துங்க," என்றாள்.